வாசகர் கேள்வி – பதில்: ஏ.சி.யில் கேஸ் ஆண்டுதோறும் ஏன் குறைகிறது?

வீட்டு ஏ.சி. பராமரிப்பு குறித்து வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். பல கடிதங்கள் ஒரே குறையைப் பற்றியே பேசியதால், அதை முதலில் எடுத்துக்கொண்டு சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டில் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏ.சி. இருக்கிறது. வாங்கி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. சில ஆண்டுகளாக ஏப்ரல் பிறந்ததும் அறை குளிர்வதில்லை. மெக்கானிக் வந்து, கேஸ் குறைந்துவிட்டது என்று சொல்லி நிரப்பிவிட்டுப் போகிறார். ஓட ஓடக் கேஸ் தீர்வது இயல்புதான் என்கிறார். அது உண்மையா? – வாசகர், வேளச்சேரி, சென்னை

பதில்: உண்மையில்லை. அடுப்பில் சிலிண்டர் தீர்வதைப் போல ஏ.சி.யின் கேஸ் எரிந்து தீர்வதில்லை. கம்ப்ரஸர், வெளியே இருக்கும் கண்டென்சர் காயில், கேப்பிலரி அல்லது எக்ஸ்பான்ஷன் வால்வு, அறைக்குள் இருக்கும் கூலிங் காயில் ஆகியவை சேர்ந்த ஒரு மூடிய சுற்றுக்குள், அது திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறி ஓடி, அறையின் வெப்பத்தை வெளியே கொண்டுபோய்விடும் வேலையை மட்டுமே செய்கிறது. தொழிற்சாலையில் அடைத்த அளவே, கசிவு இல்லாதவரை, அந்த ஏ.சி.யின் ஆயுள் முழுவதற்கும் போதும். கேஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் நிரப்பினால் அடுத்த கோடையிலும் அதே செலவு வரத்தான் செய்யும்.

அதற்கும் முன்னால், கேஸ் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்பதை முதலில் சந்தேகிக்க வேண்டும். ஏப்ரலில் வெளிக்காற்றின் சூடு ஏறும்போது, ஓராண்டுத் தூசி படிந்த அவுட்டோர் யூனிட்டால் வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் போகிறது. உள்ளே ஃபில்டரும், அதற்குப் பின்னால் உருளை வடிவில் சுழலும் புளோயரும் அழுக்கேறியிருந்தால் காற்றின் அளவே பாதியாகிவிடும். காற்று வரும் வாய் வழியாக ஒரு டார்ச்சை அடித்துப் பாருங்கள். புளோயரின் இதழ்களுக்கு இடையே கறுத்த அழுக்கு கம்பளிபோல அப்பிக்கொண்டிருந்தால், கேஸுக்குச் செலவழிப்பதற்கு முன் முழுமையான வாட்டர் சர்வீஸ் செய்துகொள்வதே சரி. அதன்பிறகு ஏ.சி.யைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, மேலே உள்ளே இழுக்கப்படும் காற்றின் வெப்பநிலையையும் கீழே வெளிவரும் காற்றின் வெப்பநிலையையும் சாதாரண வெப்பமானி கொண்டு அளந்து பாருங்கள். இரண்டுக்கும் இடையே 8 முதல் 12 டிகிரி வரை வித்தியாசம் இருந்தால் ஏ.சி. தன் வேலையைச் செய்கிறது. குறை அறையில்தான் இருக்கிறது.

வித்தியாசம் அதற்கும் மிகக் குறைவாக இருந்து, மின்னோட்டமும் அவுட்டோர் யூனிட்டின் முத்திரைத் தகட்டில் எழுதியிருப்பதைவிடத் தெளிவாகக் குறைந்து காணப்பட்டால் கேஸ் குறைவு என்று ஐயப்படலாம். அப்போது கசிவைத் தேடும் இடங்கள் அதிகமில்லை. இரண்டு செம்புக் குழாய்களின் இரு முனைகளிலுமாக நான்கு ஃபிளேர் நட்டுகள் (குழாயை யூனிட்டோடு இணைக்கும் நட்டுகள்), அவுட்டோர் யூனிட்டின் சர்வீஸ் வால்வுகள், காயில்களின் ஓரத்தில் வளைந்து திரும்பும் குழாய்கள் ஆகியவைதான் வழக்கமான இடங்கள். கேஸுடன் கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்தே சுற்றுவதால், கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் தெரியும். அங்கே சோப்பு நுரையைத் தடவினால் குமிழ் கிளம்பும். கண்ணுக்குப் படாத கசிவாக இருந்தால், சுற்றுக்குள் உலர்ந்த நைட்ரஜனை அழுத்தத்துடன் ஏற்றி, அழுத்தத்தைக் காட்டும் கேஜின் முள் இறங்குகிறதா என்று காத்திருந்து பார்க்க வேண்டும். கசிவைச் சரிசெய்த பின் வாக்குவம் பம்ப் போட்டு உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் அரை மணி நேரமாவது உறிஞ்சி எடுத்துவிட்டு, தகட்டில் கிராம் கணக்கில் குறிப்பிட்டிருக்கும் அளவைத் தராசில் வைத்து நிரப்ப வேண்டும்.

கேஜை மட்டும் பார்த்து நிரப்புவது ஆர்-22 என்ற கேஸ் அடைத்த பழைய ஏ.சி.க்களில் ஓரளவு சரிப்பட்டது. அவற்றில் ஓடும்போது 60 முதல் 70 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) வரை காட்டினால் போதும் என்பது மெக்கானிக்குகளின் கைக்கணக்கு. இன்வெர்ட்டர் ஏ.சி.யில் கம்ப்ரஸரின் வேகமே மாறிக்கொண்டிருப்பதால் முள்ளும் மாறிக்கொண்டே இருக்கும். அதை நம்பிக் கூடுதலாக நிரப்பிவிட்டால் கம்ப்ரஸருக்கே கேடு. ஆகவே மெக்கானிக்கிடம் இரண்டு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: கசிவு எந்த இடத்தில், எத்தனை கிராம் நிரப்பினீர்கள். நல்ல மெக்கானிக் இரண்டுக்கும் பதில் சொல்வார், சொல்லவும் விரும்புவார். காயிலில்தான் ஓட்டை என்று தெரிந்தால், பணம் கொடுக்கும் முன் உத்தரவாத அட்டையை எடுத்து, காயிலுக்கு எத்தனை ஆண்டு என்று பார்த்துவிடுங்கள்.

இதைப் பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. கசிந்துபோகும் ஒரு கிலோ ஆர்-410ஏ என்ற ஏ.சி. கேஸ், நூறாண்டுக் கணக்கில், ஏறத்தாழ 2,000 கிலோ கரியமில வாயுவுக்கு நிகராகப் புவியைச் சூடாக்கக்கூடியது. ஆர்-32 என்ற இன்னொரு கேஸ் அதில் மூன்றில் ஒரு பங்குதான் என்றாலும், ஆண்டுதோறும் காற்றில் விடத்தக்கது அன்று.

கேள்வி: புதிய ஏ.சி.யில் ஆர்-32 என்று எழுதியிருக்கிறது. அது தீப்பற்றும் கேஸ் என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து, குழந்தைகளோடு அந்த அறையில் உறங்கவே அச்சமாக இருக்கிறது. – வாசகி, மதுரை

பதில்: ஆர்-32 தீப்பற்றக்கூடியதுதான், ஆனால் மிக மெதுவாக எரியும் வகை என்றே அதைத் தரப்படுத்தியிருக்கிறார்கள். அது பற்ற வேண்டுமானால் ஒவ்வொரு கன மீட்டர் காற்றிலும் 300 கிராமுக்குச் சற்று மேல் கலந்திருக்க வேண்டும். பத்துக்குப் பத்து அடி அறையில், பத்தடி உயரத்துக்கு, சுமார் 28 கன மீட்டர் காற்று இருக்கிறது. அந்த அறை முழுவதும் பற்றும் நிலையை எட்ட 8 கிலோவுக்கு மேல் கேஸ் வேண்டும், வீட்டு ஏ.சி.யிலோ பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டித்தான் இருக்கும். நீங்கள் நிம்மதியாக உறங்கலாம்.

ஆபத்து இருப்பது பழுதுபார்க்கும் நேரத்தில்தான். கேஸை முழுமையாக வெளியேற்றாமல் குழாயைப் பற்றவைப்பதும், நைட்ரஜன் கைவசம் இல்லை என்று வெல்டிங் சிலிண்டரின் ஆக்சிஜனை ஏற்றிக் கசிவு பார்ப்பதும் உயிருக்கே உலை வைக்கும் செயல்கள். அழுத்தமான ஆக்சிஜனும் கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்தால் குண்டுபோல வெடிக்கும். உங்கள் வீட்டில் யாரேனும் ஆக்சிஜன் சிலிண்டரை ஏ.சி.க் குழாயில் இணைக்கக் கண்டால், அந்த நொடியே வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். அவருடைய உயிரும் நமக்கு முக்கியம்.

கேள்வி: இன்டோர் யூனிட்டிலிருந்து சுவரில் தண்ணீர் வழிகிறது. சர்வீஸ் செய்து இரண்டு வாரம் சரியாக இருந்தது, மீண்டும் வழிகிறது. – வாசகி, திருநெல்வேலி

பதில்: ஈரப்பதம் மிகுந்த நாளில் ஒன்றரை டன் ஏ.சி. ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கும் மேல் தண்ணீரைக் காற்றிலிருந்து பிரித்தெடுக்கும். அந்தத் தண்ணீர் கூலிங் காயிலின் கீழுள்ள தட்டில் சேர்ந்து, டிரெய்ன் பைப் வழியாகத் தானாக இறங்கிப் போக வேண்டும். அது இறங்கத் தடையாக இருப்பது எது என்பதுதான் கேள்வி. தூசியும் ஈரமும் சேர்ந்து பைப்புக்குள் வழுவழுப்பான பாசியாகப் படிவது முதற்காரணம். வெளி முனையில் வேக்குவம் கிளீனரை வைத்து உறிஞ்சினாலே பல வீடுகளில் அடைப்பு வெளியே வந்துவிடும்.

இரண்டே வாரத்தில் மீண்டும் வழிவதைப் பார்த்தால், உங்கள் வீட்டில் பைப் போகும் பாதையில் குறை இருக்கலாம் என்று நினைக்கிறேன். பைப்பை முழுத் தூரத்துக்கும் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். எந்த இடத்திலும் அது மேலேறி இறங்கக் கூடாது. வெளி முனை வாளித் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தாலும் உள்ளே காற்று சிக்கி, தண்ணீர் இறங்காது. வாளி வைப்பவர்கள் பைப்பின் முனையை வாளியின் விளிம்புக்கு மேலேயே நிறுத்த வேண்டும். இன்டோர் யூனிட் டிரெய்ன் பைப்புக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறதா என்பதையும் ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஏ.சி. ஓடும்போது வழியாமல், நிறுத்திய பிறகு முன்பக்கமாகச் சொட்டினால், காயிலில் பனிக்கட்டி பிடித்து அது உருகுகிறது என்று பொருள். முன்மூடியைத் தூக்கி டார்ச் அடித்தால் வெள்ளையாகத் தெரியும். அதைக் கத்தி, ஸ்குரூடிரைவர் கொண்டு சுரண்ட வேண்டாம். ஃபேன் மோடில் மட்டும் ஓடவிட்டு உருகவிடுங்கள். பின்னர் ஃபில்டரைக் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டி ஓட்டிப் பாருங்கள். மறுபடியும் பனி பிடித்தால் புளோயர் அழுக்கு அல்லது கேஸ் கசிவு என்ற இரண்டில் ஒன்றைத் தேட வேண்டும். கோடையில் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும், சாலையோர வீடுகளிலும் கட்டட வேலை நடக்கும் தெருக்களிலும் வாரம் ஒரு முறையும் கழுவுவது நல்லது.

கேள்வி: ரிமோட்டில் திடீரென்று 75 என்று காட்டுகிறது. கெட்டுவிட்டதா? – வாசகர், காரைக்குடி

பதில்: கெடவில்லை. ரிமோட் ஃபாரன்ஹீட் அளவைக்கு மாறியிருக்கிறது. 75 என்பது ஏறத்தாழ 24 செல்சியஸ். பல ரிமோட்டுகளில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் பழைய அளவைக்குத் திரும்பிவிடும். எந்த இரண்டு என்பது ஏ.சி.யுடன் வந்த கையேட்டில் இருக்கும்.

கேள்வி: எங்களுடையது இன்வெர்ட்டர் அல்லாத பழைய ஏ.சி. மாலையில் போட்டால் வெளியே ‘உம்’ என்று முனகிவிட்டு நின்றுவிடுகிறது. சில நிமிடம் கழித்து மீண்டும் முனகுகிறது. கம்ப்ரஸர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். – வாசகர், திருவாரூர்

பதில்: கம்ப்ரஸரை மாற்றும் முடிவுக்கு இப்போதே போக வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் முதலில் கெபாசிட்டரையே சுட்டுகின்றன. கம்ப்ரஸர் சுழலத் தொடங்கும்போது அதற்குத் தேவைப்படும் உந்துதலைத் தருவது கெபாசிட்டர். வெயிலிலும் வயதிலும் அதன் திறன் குறைந்தால் கம்ப்ரஸர் சுழல முடியாமல் முனகி, மின்னோட்டத்தை அளவுக்கு மீறி இழுத்து, சூடேறி, பாதுகாப்பு அமைப்பால் நிறுத்தப்படுகிறது. ஆறியதும் மீண்டும் முயல்கிறது. கெபாசிட்டரின் மேல் மைக்ரோஃபாரட் அளவு அச்சிடப்பட்டிருக்கும். மீட்டரில் அளந்தால் அதைவிடத் தெளிவாகக் குறைந்து காட்டும். கம்ப்ரஸரின் விலையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய செலவு. ஆனால் நீங்களே திறக்க வேண்டாம்: மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெபாசிட்டருக்குள் மின்னேற்றம் தங்கியிருந்து கடுமையாகத் தாக்கும்.

மாலையில் மட்டும் நேர்கிறது என்பதால் மின்னழுத்தத்தையும் சந்தேகிக்கிறேன். இரவு ஏழு மணி முதல் பத்து மணிக்குள் பிளக் பாயின்ட்டில் எத்தனை வோல்ட் வருகிறது என்று எலக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லுங்கள். மிகவும் தாழ்ந்து வந்தால் ஸ்டெபிலைசர் இல்லாமல் ஓட்டக் கூடாது. கெபாசிட்டரும் நன்றாக இருந்து, மின்னழுத்தமும் சரியாக இருந்து, அப்போதும் சுழலவில்லை என்றால்தான் கம்ப்ரஸரைப் பற்றிப் பேச வேண்டும்.

இன்வெர்ட்டர் ஏ.சி. வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: அவற்றின் கம்ப்ரஸருக்கு இந்தக் கெபாசிட்டர் இல்லை, மின்னணுப் போர்டுதான் அதை இயக்குகிறது. அவுட்டோர் யூனிட்டுக்குள் வெதுவெதுப்பைத் தேடி வரும் பல்லி போர்டின் மேல் விழுந்து ஷார்ட் ஆவது நம் ஊர்களில் அடிக்கடி நடக்கிறது. ஒயர் நுழையும் ஓட்டைகளை அடைக்கச் சொல்லுங்கள்; காற்றுப் போகும் வழிகளை மட்டும் ஒருபோதும் மூடக் கூடாது.

கேள்வி: கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. நான்கே ஆண்டுகளில் அவுட்டோர் யூனிட்டின் தகடுகள் விரல் பட்டாலே உதிர்கின்றன. – வாசகர், தூத்துக்குடி

பதில்: செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் இடத்தில் உப்பு கலந்த ஈரம் சேர்ந்தால், அது ஒரு சிறு மின்கலமாகவே வேலை செய்து அலுமினியத்தை அரித்துவிடுகிறது. நீங்கள் பார்க்கும் வெள்ளைப் பொடி அதுதான். தகடு உதிர்ந்தபின் குழாயிலிருந்து காற்றுக்கு வெப்பம் கடத்தப்படுவதில்லை; மின்கட்டணம் ஏறும், குளிர்ச்சி இறங்கும். உதிர்ந்த காயிலை மீட்க வழியில்லை, மாற்றத்தான் வேண்டும்.

புதிதாகப் போடும்போது பூச்சிட்ட காயிலைக் கேட்டு வாங்குங்கள். கடலை நேராகப் பார்க்காத சுவரில் மாட்டுங்கள். மாதம் ஒரு முறை மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, காயிலின் மேல் நல்ல தண்ணீரை மெல்லிய தாரையாக ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் அதை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. ஆசிட் கலந்த கிளீனர்கள் உப்பு செய்வதை இன்னும் விரைவாகச் செய்யும் என்பதால் அவற்றை அண்டவே விடாதீர்கள்.

இவற்றையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது அவுட்டோர் யூனிட்டைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டு. முப்பது, நாற்பது கிலோ எடையைத் துருப்பிடித்த போல்ட்டுகள் நடைபாதைக்கு மேலே தாங்கிக்கொண்டிருக்கும் வீடுகள் கடற்கரை ஊர்களில் நிறைய உண்டு. போல்ட்டின் தலை செதில் செதிலாக உதிர்கிறதென்றால் சர்வீஸுக்குக் காத்திருக்காமல் உடனே மாற்றுங்கள்.

சென்னையில் கூவம், பக்கிங்ஹாம் கால்வாய்க் கரைகளில் வசிப்பவர்களுக்கு வேறு விதமான அரிப்பு நேர்கிறது. சாக்கடையிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு செம்பைக் கறுப்பாக்கி, நாளடைவில் அரித்து, கேஸ் கசிய வழி செய்துவிடும். வீட்டில் வெள்ளிப் பாத்திரம் விரைவில் கறுக்கிறதென்றால் செம்புக் குழாய்களையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: 18 டிகிரியில் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று வீட்டில் எல்லோரும் அப்படியே வைக்கிறோம். மின்கட்டணம் மலைக்க வைக்கிறது. எங்களுடையது மேல்தள வீடு. – வாசகி, சேலம்

பதில்: இன்வெர்ட்டர் அல்லாத ஏ.சி.யின் கம்ப்ரஸருக்கு ஒரே வேகம்தான். 18-இல் வைத்தாலும் 24-இல் வைத்தாலும் அறை ஒரே விரைவில்தான் குளிரும். இன்வெர்ட்டர் ஏ.சி.யும் அறை சூடாக இருக்கும் தொடக்கத்தில் தானாகவே முழு வேகத்தில் ஓடும். 18 என்று வைப்பதால் அது நிற்காமல் ஓடுகிறது என்பதே மிச்சம். நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏ.சி.க்கள் எல்லாம் 24 டிகிரியிலேயே தொடங்க வேண்டும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2020 ஜனவரி முதல் விதித்திருக்கிறது. ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் ஏறத்தாழ 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்பது அந்த அமைப்பின் கணக்கு. 26-இல் வைத்து மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். பெரும்பாலோருக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது. நம் மாநிலத்தில் இரு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே கிடைக்கும் சலுகை விகிதமும் போய்விடுவதால், அந்த எல்லையை ஒட்டி இருப்பவர்களுக்கு இந்த இரண்டு டிகிரி பெரிய தொகை.

மேல்தளம் என்பதால் உங்கள் ஏ.சி. அறையோடு சேர்த்துக் காங்கிரீட் கூரையையும் குளிர்விக்கப் பாடுபடுகிறது. பகலெல்லாம் வெயில் குடித்த கூரை நள்ளிரவு வரை வெப்பத்தைக் கீழே இறக்கும். மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிப்பது, பெரிய ஏ.சி. வாங்குவதைவிடப் பயனுள்ள செலவு.

கேள்வி: போட்டதும் முதல் சில நிமிடங்கள் புளித்த வாடை வருகிறது. – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஈரமான காயிலில் பூஞ்சை வளர்ந்திருக்கிறது. ஒரு முறை காயிலையும் புளோயரையும் நன்றாகக் கழுவச் செய்யுங்கள். அதன்பின் நாள்தோறும் ஏ.சி.யை நிறுத்தும் முன் கால் மணி நேரம் ஃபேன் மோடில் ஓடவிட்டுக் காயிலை உலர்த்துங்கள். வாசனைத் தெளிப்பான்களை உள்ளே அடிப்பதால் வாடை மறையும், பூஞ்சை போகாது.

கேள்வி: கடந்த மழையில் தரைத்தளத்தில் இருந்த எங்கள் அவுட்டோர் யூனிட் பாதிக்கு மேல் வெள்ளத்தில் மூழ்கியது. தண்ணீர் வடிந்து உலர்ந்துவிட்டது. போட்டுப் பார்க்கலாமா? – வாசகர், முடிச்சூர்

பதில்: போட்டுப் பார்க்கவே கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும், இப்படி நேர்ந்த வீடுகளில் பழுதைப் பெரிதாக்குவது வெள்ளத்தைவிட அவசரமாகப் போடும் சுவிட்சுதான். ஏ.சி.க்குரிய எம்.சி.பி.யை இறக்கி வையுங்கள். காப்பீடு இருந்தால், கழுவுவதற்கு முன்பே தண்ணீர் நின்ற மட்டம் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்ரஸரும் குழாய்களும் மூடிய அமைப்பு என்பதால் அவற்றுக்குள் வெள்ளநீர் போயிருக்காது. அந்த வகையில் நம்பிக்கை உண்டு. கெட்டுப்போவது ஃபேன் மோட்டாரின் பேரிங், மின் இணைப்புகள், கெபாசிட்டர், இன்வெர்ட்டராக இருந்தால் போர்டு ஆகியவை. வெளிப்பார்வைக்கு உலர்ந்திருந்தாலும் இணைப்புகளின் அடியில் சேறு ஈரத்துடன் தங்கியிருக்கும். நல்ல தண்ணீரால் சேற்றைக் கழுவி, சில நாள் காயவிட்டு, மெகர் கருவியால் கம்ப்ரஸருக்கும் மோட்டாருக்கும் மின்கசிவு இருக்கிறதா என்று சோதித்த பிறகே மின் இணைப்பைக் கொடுக்க வேண்டும். கெபாசிட்டரைச் சோதிக்காமல் புதிதாகவே போட்டுவிடலாம். போர்டு மூழ்கியிருந்தால் கழுவிக் காயவைத்து ஓடினாலும் சில வாரங்களில் அரித்துப்போகும் வாய்ப்பு அதிகம் என்பதால், மாற்றுச் செலவையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் பொருத்தும்போது வெள்ளம் நின்ற மட்டத்துக்கு மேலே சுவரில் ஸ்டாண்டு அடித்து மாட்டுங்கள். அதற்காகக் குழாயை நீட்ட நேர்ந்தால், எத்தனை மீட்டர் வரை கூடுதல் கேஸ் இல்லாமல் நீட்டலாம், அதற்கு மேல் மீட்டருக்கு எத்தனை கிராம் சேர்க்க வேண்டும் என்பது ஏ.சி.யின் கையேட்டில் எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தை மெக்கானிக்கிடம் காட்டிவிட்டே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.